இழப்பு யாருடையது? – அடமானக் கடனும் அரசு விதிகளும்

அங்கத்தினர் கல்விப் பகுதி

குற்றாலத்தில் சாரல் வலுத்துப் பேரருவியின் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கியதும், காவலர் வந்து குளிப்பவர்களை வெளியேற்றுவதைத் தென்காசிப் பகுதி அங்கத்தினர் அனைவரும் கண்டிருப்பர். தொலைவிலிருந்து வந்தவர்கள் முணுமுணுப்பர். உள்ளூரார் பேசாமல் ஒதுங்கி நிற்பர். மலைமேல் பெய்த மழையின் அளவு கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், தடை தம் நன்மைக்கே என்பதையும் உள்ளூரார் அறிவர்.

கடன் கொடுப்பதிலும் இத்தகைய தடைகள் உண்டு. ஈட்டின் மதிப்பில் இத்தனை பங்குக்கு மேல் கொடுக்கலாகாது, வில்லங்கம் பாராமல் கொடுக்கலாகாது என்பன போன்ற விதிகளை நம் சங்கச் செயலாளர்கள் அன்றாடம் கையாள்கின்றனர். ஆனால் அரசு விதிகள் எல்லாமே தடுக்கும் விதிகள் அல்ல. கடன் கொடுக்கும்படி தூண்டும் விதிகளும் உண்டு. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் அரசே பொறுப்பேற்கும் என்னும் விதிகளும் உண்டு. இம்மூவகை விதிகளும் சேர்ந்து எப்போது நன்மை செய்கின்றன, எப்போது ஆபத்தான அடமானக் கடனுக்கு வழிதிறக்கின்றன என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய பொருளன்று. மத்திய அரசின் வைப்புக் காப்பீடு பாங்கிகளில் உள்ள வைப்புகளுக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை 2020ஆம் ஆண்டு முதல் பாதுகாப்பளிக்கிறது. மாநில, மத்தியக் கூட்டுறவு பாங்கிகளும் நகரக் கூட்டுறவு பாங்கிகளும் அதில் அடங்கும். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அதில் அடங்கா. ஆகவே, சங்கம் கொடுத்த கடன் கெட்டால், அக்கேடு சங்கத்தின் காப்பு நிதியையும் பங்கு மூலதனத்தையும் கடந்து, தம் சேமிப்பை நம்பிக்கையுடன் அங்கு வைத்த பக்கத்து வீட்டுக்காரரின் வாசலை வந்தடையும்.

1. முதலில் இருந்த விதி

சென்னை மாகாண அரசால் அனுப்பப்பெற்று மேல்நாட்டுக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கையில், ஜெர்மனியில் ரைபைசன் நிறுவிய கிராமச் சங்க முறையே நமக்கு ஏற்றதெனப் பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டு நம் நாட்டில் முதல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதன்படி அமைந்த கிராமச் சங்கங்களில் பொதுவாக அங்கத்தினர் பொறுப்பு வரையறையற்றதாக இருந்தது. ஒருவர் வாங்கிய கடன் திரும்பாவிட்டால், மற்றவர்கள் தம் சொந்தச் சொத்தைக்கொண்டும் ஈடுசெய்ய வேண்டும்.

இவ்விதி கடுமையானதுதான். ஆனால் அதற்குள் ஓர் அறிவு இருந்தது. இழப்பு தம் தலையில் விழும் என்று அறிந்த அங்கத்தினர், கடன் கேட்பவரின் வயலையும் ஒழுக்கத்தையும் கூர்ந்து பார்த்தனர். ஊருக்கு ஒரு சங்கம் என்னும் சிறிய எல்லை இருந்தமையால் அவ்வாறு பார்க்கவும் முடிந்தது.

எனினும் இம்முறையால் உழவர்க்கு வேண்டிய பணம் போதிய அளவில் கிட்டவில்லை. ஏ. டி. கோர்வாலா தலைமையில் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, 1951-52ஆம் ஆண்டில் கிராம மக்கள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது நூற்றுக்கு 3.1 மட்டுமே என்றும், லேவாதேவிக்காரர்கள் அளித்தது ஏறத்தாழ 70 என்றும் கண்டது. அரசு சங்கங்களில் பங்கு கொள்ள வேண்டும் என்று 1954ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை கூறியது. நிலத்தின் மதிப்பை மட்டும் பார்க்காமல், விளையப்போகும் பயிரின் வருவாயைப் பார்த்துக் கடன் கொடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரையே. இப்பரிந்துரையில் இரண்டு விஷயங்கள் இருந்தன: அரசின் பணம் வரட்டும், கடனாளியின் வருவாயைக் கணக்கிடும் பழக்கமும் வளரட்டும். முதலாவது விரைவில் வந்தது. இரண்டாவது நம் சங்கங்களில் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை ஒவ்வொருவரும் தம் சங்கத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2. நில அடமான பாங்கி காட்டிய வழி

நீண்டகால அடமானக் கடனுக்கு நம் மாகாணமே ஒரு சிறந்த முன்மாதிரியை அமைத்தது. 1929ஆம் ஆண்டு சென்னை மத்திய நில அடமான பாங்கி தோன்றியது. 1934ஆம் ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. உள்ளூர் பாங்கி உழவரின் நிலத்தை அடமானமாகப் பெறும். அந்த அடமானங்களை மத்திய பாங்கிக்கு மாற்றிக்கொடுக்கும். மத்திய பாங்கி அவற்றின் பேரில் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டும். பத்திரங்களின் அசலுக்கும் வட்டிக்கும் அரசு உத்தரவாதம் அளிக்கும்.

அரசு உத்தரவாதம் இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தார்களா? இல்லை. உத்தரவாதத்தோடு தடையும் சேர்ந்தே இருந்தது. நிலத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் கொடுக்கலாகாது. உரிமைப் பத்திரங்களும் வில்லங்கமும் ஆராயப்பட்டன. நிலம் நேரில் பார்வையிடப்பட்டது. அதன் நிகர வருவாயிலிருந்து ஆண்டுத் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்கிடப்பட்டது. அடமானத்தை மாற்றிக்கொடுத்த பின்னும் உள்ளூர் பாங்கியின் பொறுப்பு நீங்கவில்லை.

பாங்கி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்து, நெல் விலையும் நில விலையும் பெரிதும் சரிந்தன. மதிப்பில் பாதி என்னும் எல்லையின் அருமை அப்போதுதான் புலப்பட்டது. ஈட்டின் மதிப்பு குறைந்தாலும் கடனுக்குப் போதுமான ஈடு மிஞ்சியிருந்தது.

அரசு இழப்பைத் தாங்குவதாகச் சொல்வது மட்டுமே கேடு என்று கொள்வதற்கில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். உத்தரவாதம் ஒரு கையிலும் தடை மறு கையிலும் இருந்தால் அது நன்மை பயக்கும். தடை தளர்ந்து உத்தரவாதம் மட்டும் நின்றால்தான் கேடு தொடங்கும்.

3. அமெரிக்காவில் நடந்தது

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு முற்றிய வீட்டு அடமானக் கடன் நெருக்கடியாகும். எல்லோருக்கும் சொந்த வீடு என்பது அந்நாட்டு அரசுகளின் நெடுநாள் நோக்கம். பாங்கிகளிடமிருந்து வீட்டு அடமானங்களை விலைக்கு வாங்கிக்கொள்ள 1938ஆம் ஆண்டு பேனி மே என்னும் நிறுவனமும், 1970ஆம் ஆண்டு பிரெடி மேக் என்னும் நிறுவனமும் அமைக்கப்பட்டன. தம் வட்டாரத்து ஏழை மக்களுக்கும் பாங்கிகள் கடன் அளிக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வலியுறுத்தியது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பேனி மே, பிரெடி மேக் வாங்கும் அடமானங்களில் குறிப்பிட்ட பங்கு நடுத்தர, எளிய வருவாயினருடையதாக இருத்தல் வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. அவ்விலக்கு தொடக்கத்தில் நூற்றுக்கு 30, 1997இல் 42, 2001இல் 50, 2008இல் 56.

நோக்கம் நல்லதே. ஆனால் வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில், வருவாய்க்குச் சான்று கேளாமலும், முன்பணம் இல்லாமலும் கடன் கொடுக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவியது. கடன் கொடுத்தவர் அடமானத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை; உடனே விற்றுவிட்டார். வாங்கியவர் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பத்திரமாக்கி வேறொருவருக்கு விற்றார். கடனாளி யார், அவர் என்ன தொழில் செய்கிறார் என்பது கடைசியாகப் பத்திரம் வாங்கியவருக்குத் தெரியாது. முதலில் கடன் கொடுத்தவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்னும் நம் பழமொழி அங்கே தொழில் முறையாகிவிட்டது. 2006ஆம் ஆண்டுக்குப் பின் வீட்டு விலை இறங்கத் தொடங்கியது. 2008 செப்டம்பரில் பேனி மே, பிரெடி மேக் இரண்டையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதே மாதம் லேமன் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனம் வீழ்ந்தது.

குற்றம் யாருடையது என்பதில் அந்நாட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அரசு அமைத்த விசாரணைக் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் நெருக்கடிக்கு முக்கியக் காரணம் அன்று என்றும், உயர் வட்டிக் கடன்களில் நூற்றுக்கு 6 மட்டுமே அச்சட்டத்தோடு தொடர்புடையவை என்றும் பெரும்பான்மையோர் கூறினர். கட்டுப்பாடும் மேற்பார்வையும் தளர்ந்ததையே முதன்மையாகச் சாடினர். அக்குழுவின் உறுப்பினர் பீட்டர் வாலிசன் மட்டும் தனியாக மாறுபட்டு, அரசின் வீட்டுக் கொள்கையே மூல காரணம் என்று எழுதினார்.

இரு தரப்பாரும் கூறுவதில் நமக்குப் பாடம் உண்டு. தூண்டும் விதி வலுத்தாலும் ஆபத்து. தடுக்கும் விதி தளர்ந்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: கடன் கொடுக்கும் கையும் இழப்பைத் தாங்கும் கையும் வேறு வேறாகிவிட்டன.

4. நம் மாநிலத்து நகைக்கடன்

அமெரிக்காவில் வீடு நின்ற இடத்தில் நம் பகுதியில் பொன் நிற்கிறது. பிசான நடவுக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், தறிக்கு நூல் வாங்கவும் நம் வீடுகளிலிருந்து முதலில் புறப்படுவது நகையே. அது எளிதில் எடை போடக்கூடிய, உடனே விற்கக்கூடிய ஈடு. ஆகவே கடன் கொடுப்பவர் கடனாளியைப் பார்ப்பதை விட்டு நகையைப் பார்க்கத் தொடங்குவது எளிது.

முதலில் தூண்டும் விதியைக் காண்போம். வணிக பாங்கிகள் தம் கடனில் நூற்றுக்கு 40 முன்னுரிமைத் துறைகளுக்கும், அதனுள் 18 வேளாண்மைக்கும் அளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. 2006-07ஆம் ஆண்டு முதல் குறுகியகாலப் பயிர்க்கடனுக்கு மத்திய அரசு வட்டிச் சலுகை அளித்து வந்தது. தவணை தவறாமல் கட்டியவருக்கு வட்டி நூற்றுக்கு 4 அளவில் அமைந்தது. இவ்விரண்டும் உழவர் நலம் கருதியவை. ஆனால், நகையை வைத்துக்கொண்டு ‘வேளாண்மைக் கடன்’ என்று எழுதிவிட்டால், பாங்கிக்கு இலக்கும் நிறைவேறும், கடன் பெறுபவருக்குக் குறைந்த வட்டியும் கிட்டும் என்றாயிற்று. வயலே இல்லாதவரும் பயிர்க்கடன் பெற இது வழிசெய்தது. 2020ஆம் ஆண்டு முதல் இவ்வட்டிச் சலுகை விவசாயிகள் கடன் அட்டை வழியாக மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது.

அடுத்தது தளர்த்தும் விதி. நகை மதிப்பில் நூற்றுக்கு 75 வரையே கடன் என்றிருந்த எல்லையை, கொரோனாத் துன்பத்தைக் கருதி 2020 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்கு 90ஆக உயர்த்தியது. வேளாண்மை அல்லாத தேவைகளுக்கான இச்சலுகை 2021 மார்ச்சு 31 வரை இருந்தது. பொன் விலை அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் அதுவரை காணாத உச்சியில் இருந்தது. மார்ச்சுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். 1,00,000 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 90,000 கடன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 9 என்று கொள்வோம். ஆண்டு முடிவில் கட்ட வேண்டியது 98,100. நகையின் மதிப்போ ஐந்தில் ஒன்று குறைந்து 80,000. ஏலத்தில் முழு மதிப்பு கிடைத்தாலும் 18,100 ரூபாய் நட்டம். நூற்றுக்கு 75 கொடுத்திருந்தால் கட்ட வேண்டியது 81,750. நட்டம் 1,750 மட்டுமே. பழைய நில அடமான பாங்கியைப் போலப் பாதியே கொடுத்திருந்தால், கடன் 54,500 போக, கடனாளிக்கே 25,500 மிஞ்சியிருக்கும்.

இவ்வனுபவத்தின் பயன் பின்னர் வந்த விதிகளில் தெரிகிறது. 2025 ஜூன் மாதம் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட நெறிமுறைகள், நுகர்வுக்கான நகைக்கடனில் 2.5 லட்சம் வரை நூற்றுக்கு 85, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என எல்லை வகுத்தன. ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒருசேரக் கட்டும் கடனாயின், கட்ட வேண்டிய மொத்தத் தொகையே அவ்வெல்லைக்குள் அடங்க வேண்டும். மேற்கண்ட 1,00,000 ரூபாய் நகைக்கு இம்முறைப்படி முதலில் கையில் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 78,000. பாங்கிகள் 2026 ஏப்ரல் 1க்குள் இவற்றுக்கு உட்பட வேண்டும் என்று காலம் குறிக்கப்பட்டது. மத்தியக் கூட்டுறவு பாங்கிகளுக்கும் இவை உரியவை. நம் தொடக்கச் சங்கங்கள் பாங்கிச் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. அவை பதிவாளரின் சுற்றறிக்கைகளின்படி நடப்பவை. எனினும் மேற்கண்ட கணக்கு எந்தச் சங்கத்துக்கும் பொதுவானதே.

5. தள்ளுபடி என்னும் வாக்குறுதி

மூன்றாவது, இழப்பைத் தாங்கும் விதி. 2006ஆம் ஆண்டு தமிழக அரசு ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் கூட்டுறவு வேளாண்மைக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2008ஆம் ஆண்டு மத்திய அரசு நாடு தழுவிய தள்ளுபடியை அறிவித்தது. 2016ஆம் ஆண்டு சிறு, குறு விவசாயிகளின் 5,780 கோடியும், 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடியும் தமிழகத்தில் தள்ளுபடியாயின. அதே ஆண்டு செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது.

வறட்சியிலும் நோய்க்காலத்திலும் நொந்த குடும்பங்களுக்கு இவை உயிர்ப்பிச்சையாக இருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அதை மறுப்பது நன்றன்று. ஆனால் பக்கவிளைவையும் கூற வேண்டும். 2008ஆம் ஆண்டுத் தள்ளுபடியைத் தணிக்கை செய்த மத்திய தணிக்கைத் துறை, ஆராய்ந்த 90,576 கணக்குகளில் நூற்றுக்கு 22.32இல் குறைபாடு கண்டதாக 2013ஆம் ஆண்டு அறிவித்தது. 2021ஆம் ஆண்டு நகைக்கடன் தள்ளுபடிக்கு ஆராயப்பட்ட 48.84 லட்சம் கடன்களில் 35.37 லட்சம் தகுதியற்றவை என்று தமிழக அரசு கண்டது. தகுதியற்றவை எல்லாம் முறைகேடு அல்ல. ஒரு குடும்பத்தாரின் அடகு மொத்தம் 40 கிராமைக் கடந்தாலே அது விலக்கப்பட்டது. எனினும், ஒரே ஆள் பல கடன்களாகப் பிரித்து வாங்கியதும், போலி நகைக்குக் கடன் வழங்கியதும், நகையே இல்லாமல் கடன் எழுதியதும் அவ்வாய்வில் வெளிப்பட்டன. இழப்பை அரசு தாங்கும் என்ற எண்ணம் பரவிய இடத்தில் எடைபோடும் தராசும் மெலிந்துவிடுகிறது.

இதில் அகப்பட்டுக்கொண்டவர்கள் சூழ்ச்சிக்காரர்கள் மட்டும் அல்லர். நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், ஏல அறிவிப்பைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மாள் வந்து நின்றார். 2021ஆம் ஆண்டு வைகாசியில் மூன்று சவரன் சங்கிலியை அடகு வைத்தவர். தள்ளுபடி 2021 மார்ச்சு 31 வரை நிலுவையில் இருந்த கடன்களுக்கே உரியது. அம்மாளின் கடன் அதற்குப் பிந்தியது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பிசான அறுவடையில் மீட்டிருக்கக்கூடிய நகையை, தள்ளுபடிக்குக் காத்திருந்து மீட்காமல் விட்டுவிட்டார். வட்டியும் அபராத வட்டியும் ஏறிவிட்டன.

“அஞ்சு பவுனுக்குள்ள எல்லாருக்கும் தள்ளுபடியின்னு சொன்னாவளே சார், நான் இனி யாருகிட்டப் போய்க் கேக்க?” என்றார்.

நம்மிடம் மறுமொழி இல்லை. விதியில் அவருக்கு இடமில்லை என்பதை எடுத்துக் கூறினோம். வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொன்றே மனத்தில் நின்றது. அவ்வாண்டுகளின் ஆய்வுக் கூட்டங்களில், ‘இவ்வாண்டு நகைக்கடன் எவ்வளவு கொடுத்தீர்கள், இலக்கு எட்டியாயிற்றா?’ என்று செயலாளர்களை நாமும் பலமுறை கேட்டிருக்கிறோம். ‘யாருக்குக் கொடுத்தீர்கள், எந்த வருவாயை நம்பிக் கொடுத்தீர்கள், நிபந்தனையை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா?’ என்று ஒருமுறையும் கேட்டதில்லை. தூண்டும் விதிக்குக் குரல் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர்.

6. நெசவாளர் சங்கங்களுக்கு ஒரு சொல்

சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து நெசவாளர் அங்கத்தினர், இது உழவர் கதைதானே என்று நினைக்க வேண்டா. நெசவாளர் சங்கம் மத்திய பாங்கியிலிருந்து பெறும் ரொக்கக்கடனுக்கு ஈடு, கிடங்கில் உள்ள நூலும் துணியுமே. அத்துணி விற்கக்கூடியதா என்பதே கேள்வி. மூன்று தீபாவளி கண்டும் விற்காத சேலையை அடக்க விலைக்கே கணக்கில் எழுதி, அதன் பேரில் மேலும் கடன் எடுப்பது, விலை இறங்கிய வீட்டின் பேரில் கடன் எடுப்பதற்கு ஒப்பாகும். ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ ஆண்டு இறுதியில் சரக்கு எண்ணும்போது பழைய சரக்கைத் தனியே பிரித்து, விற்கும் விலைக்கு மதிப்பிடுங்கள். கணக்கில் நட்டம் தெரியும். ஆனால் உண்மை தெரியும்.

நிலத்தையும் வீட்டையும் ஈடாகப் பெறும் சங்கங்களுக்கு, மலைக்கு அப்பால் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு பாங்கியில் 2021ஆம் ஆண்டு வெளிப்பட்ட செய்தி ஓர் எச்சரிக்கை. ஒரே நிலப் பத்திரத்தின் பேரில் பலமுறை கடன் வழங்கியதாகவும், ஈட்டின் மதிப்பை உயர்த்தி எழுதியதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் கூறும். வைப்பு வைத்தவர்கள் தம் பணத்துக்காகக் காத்துக் கிடந்தனர் என்பதோ ஊரறிந்தது. நம் மாநிலத்தில் 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி விசாரணையும், 87ஆம் பிரிவின்படி இழப்பைப் பொறுப்பானவரிடம் வசூலிக்கும் நடவடிக்கையும் உண்டு. ஆனால் அவை நோய் முற்றிய பின் வரும் மருந்துகள்.

7. அங்கத்தினர் செய்யத்தக்கவை

அரசு விதிகளை வகுப்பது நம் கையில் இல்லை. அவற்றைக் கையாளும் முறை நம் கையில் இருக்கிறது.

முதலாவது, விதி அனுமதிக்கும் உச்ச அளவு கொடுத்தே தீர வேண்டிய அளவு அன்று. விலை உச்சியில் இருக்கும்போது எல்லைக்குக் கீழே நின்றுகொள்வது சங்கத்துக்கும் நன்று, கடனாளிக்கும் நன்று.

இரண்டாவது, ஈட்டைப் பார்க்குமுன் வருவாயைப் பாருங்கள். நெல்லாயின் அறுவடை எப்போது, தென்னையாயின் மாதக் காய்ப்பு எவ்வளவு, தறியாயின் வாரக் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். கடன் திரும்புவது வருவாயிலிருந்து. ஈடு, வருவாய் பொய்த்தபோது உதவும் இரண்டாம் துணை மட்டுமே. ஈட்டிலிருந்தே வசூலாகும் என்று எண்ணிக் கொடுக்கும் கடன், அங்கத்தினரின் உடைமையை விற்க நாள் குறிப்பதாகும்.

மூன்றாவது, வருவாய் உள்ள சிறு உழவரை ஈடு இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். பாங்கிகளில் 2 லட்சம் ரூபாய் வரை வேளாண்மைக் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்று 2025 ஜனவரி முதல் ரிசர்வ் பாங்கி விதித்திருப்பதன் கருத்தும் இதுவே. எச்சரிக்கை என்பது ஏழையை விலக்குவது அன்று. அவர் தொழிலை அறிந்துகொள்வது.

நான்காவது, தள்ளுபடியை நம்பித் தவணையைத் தவற விடாதீர்கள். வந்தால் அதன் நிபந்தனை நம் கடனுக்குப் பொருந்துமா என்பது முன்கூட்டி ஒருவருக்கும் தெரியாது. வட்டி ஏறுவது மட்டும் உறுதி.

அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் அங்கத்தினர் எழுந்து கேட்கத்தக்க கேள்விகள் வருமாறு:

(அ) நம் சங்கத்துக் கடனில் நகை ஈட்டின் பேரில் எவ்வளவு, பயிரின் பேரில் எவ்வளவு?

(ஆ) தவணை கடந்த நகைக்கடன்களில் அசலும் வட்டியும் சேர்ந்து இன்றைய நகை மதிப்பைக் கடந்தவை எத்தனை?

(இ) அடகு நகைகளை எடையும் தரமும் மறுபரிசீலனை செய்த கடைசி நாள் எது? அப்போது நிர்வாகக் குழுவினர் உடனிருந்தனரா?

(ஈ) ஒரே குடும்பத்தாரின் பெயர்களில் பிரித்து எழுதிய கடன்கள் உண்டா?

(உ) நிபந்தனைகளைத் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுகிறோமா?

இக்கேள்விகளைக் கேட்பதால் செயலாளர் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டா. நல்ல செயலாளர் இவற்றை வரவேற்பார். மேலிருந்து இலக்கு வரும்போது, ‘எங்கள் அங்கத்தினர் கேட்கிறார்கள்’ என்று சொல்ல அவருக்கு ஒரு துணை கிடைக்கும். நாமும் இனி ஆய்வுக்கு வரும்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கு முன், எதை நம்பிக் கொடுத்தீர்கள் என்றே கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

அரசு கொடுக்கும் பணமும், பாங்கி கொடுக்கும் பணமும், சங்கம் கொடுக்கும் பணமும் இறுதியில் யாரோ ஒருவர் சேமித்த பணமே. அந்த ஒருவர் நம் சங்கத்தில் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய தொலைவில் இருக்கிறார். கடன் மனுவில் கையொப்பம் இடும்முன் நிர்வாகக் குழுவினர் அவர் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களானால், நூறு சுற்றறிக்கைகள் செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு நினைவே செய்துவிடும்.